படத்தை மறைத்தவர்

நாணலும் தண்ணீரும் தவிர எதுவும் படத்தில் விழக்கூடாது என்பது லோர்னாவின் பிடிவாதம். அதற்காகவே விடிந்ததும் டாஸ்மேனியாவின் அந்த ஏரிக்கரைக்கு வந்து காத்திருந்தாள்.

நாணல் ஓரமாகச் சிவப்புக் குல்லா போட்ட ஒரு கிழவர் வந்து நின்றார்.

“பெரியவரே, கொஞ்சம் தள்ளிப் போறீங்களா? படத்தை மறைக்கிறீங்க.”

“என் மூஞ்சி விழுந்தா கேமரா உடைஞ்சிடும், இல்லையா கண்ணு? எந்தப் பக்கம் போகட்டும்?”

“அப்படியே இடது பக்கமா போங்க.”

சிரித்துக்கொண்டே போனார். நாணல் அவரை மறைத்தது. அதன்பின் எடுத்த படத்தைப்போல அமைதியான படம் லோர்னாவுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“எங்கப்பாவைப் பார்த்தீங்களா? சிவப்புக் குல்லா போட்டிருப்பார்.”

“பார்த்தேன். தள்ளிப் போகச் சொன்னதும் முகம் கோணாம போயிட்டார். தங்கமான மனுஷன்.”

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது.

“நிக்கச் சொன்னீங்களா?”

“இல்லையே. எதுக்கு?”

“அவருக்கு மறதி நோய்ங்க. போன்னு சொன்னா போய்க்கிட்டே இருப்பார். நில்லுன்னு சொன்னாத்தான் நிப்பார்.”

லோர்னா கேமராவைப் போட்டுவிட்டு, “நில்லுங்க, பெரியவரே, நில்லுங்க” என்று கத்திக்கொண்டே நாணலுக்குள் பாய்ந்தாள்.

அந்தப் பக்கம் தண்ணீர் அசைவில்லாமல் கிடந்தது.