சாம்பல்மலை யாருக்கு?

"அந்தப் பேரை மட்டும் கேக்காத கிளைவ். வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ," என்றாள் ஹேசல்.

"பேரு இல்லாம மீதியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றான் கிளைவ்.

இருவரும் மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மிஸஸ் ஹெப்வொர்த். ஒத்துப்போகாதவர்களை உட்காரவைத்துப் பேசி முடிப்பது அவர் தொழில். ஹாலிஃபாக்ஸில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில் எத்தனையோ பேர் கத்தி, அழுது, கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிட்டுப் பெரிய விஷயத்துக்குப் போவது அவர் வழக்கம். ஒரு புத்தகத் தொடரின் பெயர்தானே, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். தேநீர் எப்போதோ ஆறிவிட்டது.

'சாம்பல்மலை' என்பது தொடரின் பெயர். இருவரும் சேர்ந்து பொழுதுபோக்காக எழுதி, தாங்களே நகலெடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, தங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு விற்ற சாகசப் புத்தகங்கள். இனிமேல் தனித்தனியாகத்தான் எழுதப் போகிறார்கள். ஆனால் அட்டையில் 'சாம்பல்மலை' என்று இருந்தால்தான் அந்தப் பைத்தியங்கள் வாங்குவார்கள்.

"ஹீரோ யாருன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கொஞ்சம் புரியும்," என்றார் மிஸஸ் ஹெப்வொர்த்.

"நீங்கதான்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அவர் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

ஹேசல் பொறுமையாக விளக்கினாள். வாசிப்பவர்தான் ஹீரோ. வாளை எடுத்தால் இந்தப் பத்திக்குப் போ, ஓடினால் அந்தப் பத்திக்குப் போ என்று புத்தகம் கேட்டுக்கொண்டே வரும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை. அதனால்தான் தலைப்பு வைப்பது இவ்வளவு கஷ்டம். கிளைவ் பிடிவாதம் பிடித்து இரண்டாவது புத்தகத்துக்கு 'சாம்பல்மலையின் குருட்டுக் கரடி' என்று வைத்தான். லெஸ்டரிலிருந்து ஒருவர் கோபமாகக் கடிதம் போட்டார், கடைசிவரை படித்தேன், கரடியே வரவில்லை என்று.

"அப்போ புத்தகத்துல கரடி இல்லையா?"

"இருக்கு," என்றான் கிளைவ்.

"இல்ல," என்றாள் ஹேசல். "வலது கதவுல போனா இருக்கு. இடது கதவுல போனா இல்ல."

"நான் எந்தக் கதவுல போனேன்?"

அது உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். மிஸஸ் ஹெப்வொர்த்துக்கு லேசாகத் தலை சுற்றியது.

எந்த வழியில் போனாலும் தலைப்பு உண்மையாக இருக்க வேண்டும் என்பது ஹேசலின் கட்சி. அட்டையில் ஒரு மிருகம் கூட இல்லாவிட்டால் புத்தகத்தை யார் கையில் எடுப்பார்கள் என்பது கிளைவின் கட்சி. "இவளை விட்டா 'சாம்பல்மலையில் ஓர் அமைதியான மாலை'ன்னு வைப்பா."

"வைப்பேன். அந்த மாலையில நீ செத்துப்போவ."

ஒருவருக்குச் 'சாம்பல்', இன்னொருவருக்கு 'மலை' என்று பிரித்துக்கொண்டால் என்ன என்று கேட்டார் மிஸஸ் ஹெப்வொர்த். இருவரும் பார்த்த பார்வையில் பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டார். ஆளுக்கொரு புத்தகமாக மாறி மாறி எழுதுங்களேன் என்றார். அதுவும் நடக்காதாம். ஒரு புத்தகத்தில் கிடைத்த வாள் அடுத்த புத்தகத்திலும் ஹீரோவின் கையில் இருக்க வேண்டும். தான் கொடுக்கும் வாளையெல்லாம் ஹேசல் முதல் பக்கத்திலேயே பிடுங்கிவிடுவாள் என்றான் கிளைவ். அவள் மறுக்கவில்லை.

"சரி, யாரு எழுதினாலும் எழுதட்டும். அடுத்த புத்தகத்துக்குப் பேரு என்ன?" அலுத்துப்போய்த்தான் கேட்டார்.

ஜன்னலில் மழை அடித்தது.

"'சாம்பல்மலை ஆற்றின் அரக்கன்'னு நினைச்சிருந்தேன்," என்றான் கிளைவ் மெதுவாக.

"காட்டு வழியில போறவங்களுக்கு ஆறே வராது."

"ரெண்டு வழியிலயும் ஆத்தைக் கொண்டு வந்துட்டா?"

சண்டைக்குத் திறந்த வாயை ஹேசல் மூடிக்கொண்டாள். "அப்போ எந்தப் பக்கம் போனாலும் நனையணும்."

"நனையட்டுமே."

"ஆனா அரக்கன் வேண்டாம். ஆறு மட்டும் போதும்."

"அரக்கன் இல்லாத ஆத்தை எவன் வாங்குவான்?"

"தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு சொல்லாத, கிளைவ். பேரைப் படிக்கும்போதே கால் கூசணும்."

கிளைவ் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் போனான். அதற்குப் பிறகு யாரும் மிஸஸ் ஹெப்வொர்த்தைப் பார்க்கவில்லை. கதையில் ஒரு படகோட்டி வந்தான், பாதி வழியில் துடுப்பைத் தவறவிட்டான், யாரோ மூழ்கினார்கள். யார் மூழ்கியது என்று அவருக்குப் புரியவில்லை. மூழ்கியது தான்தான் போலும் என்று விட்டுவிட்டார்.

எதிர்க் கடையில் மேசை பெரிதாக இருக்கும், தேநீரும் சூடாக இருக்கும், போய்விட்டு வருகிறோம் என்றான் கிளைவ். ஹேசல் அதற்குள் அவனுடைய கோட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். படிக்கட்டு முழுக்க அவர்கள் வாக்குவாதம் கேட்டுக்கொண்டே போனது.

முன்னறையில் வருபவர்களை வரவேற்கும் டோரீன் எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் பேசியும் அந்தப் பேரு யாருக்குன்னு முடிவாகலையா?"

"இல்லம்மா."

"அப்போ அவங்க விவாகரத்து?"

"அது ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சு," என்றார் மிஸஸ் ஹெப்வொர்த். "நானும் ஞாபகப்படுத்தல."