டச்சுக்கார ஈ

ரங்கூனில் லத்தா பேட்டையில் அரிசி மண்டி வைத்திருந்த மாசிலாமணி முதலியார், சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் வீட்டு ஏலத்தில் டச்சுக்காரர் ஒருவர் வரைந்த பழைய படம் ஒன்றை எடுத்தார். வெள்ளிக் கிண்ணம், பாதி தோலுரித்த எலுமிச்சை, அதன்மேல் ஓர் ஈ. முந்நூறு வருஷத்து ஈ. வந்தவர்கள் அதை விரட்டப் போய் ஏமாறுவார்கள்.

"நல்லா விரட்டுங்க, போவாது!" என்பார் முதலியார். நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

பழைய படங்களைத் தரம் பார்க்கத் தெரிந்த, துறைமுகத்து டச்சுத் துரை ஒருவர் படத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அசல் என்று அவர் சொல்லிவிட்டால், முதலியாரை இனி யாரும் அரிசிக்காரர் என்று சொல்ல முடியாது.

அன்று காலை மனைவி தனபாக்கியம் படத்தைத் தூசி தட்டினாள். ஈ பறந்துவிட்டது.

"அடிப்பாவி! ஏண்டி விரட்டினே?"

"விருந்தாளி வர்ற வீட்டுல ஈயை விரட்டாம என்ன செய்வாங்களாம்? எலுமிச்சை இருக்குல்ல, அதைக் காட்டுங்க."

வீடெல்லாம் தேடிக் களைத்த முதலியார் கண்ணாடி முன் நின்றார். நெற்றியில் ஈ உட்கார்ந்திருந்தது. தட்டினார், நகரவில்லை. தடவினார், வழவழவென்று சாயமாக இருந்தது. தனபாக்கியம் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். சிறகு இன்னும் பளபளத்தது.

மாலையில் துரை வந்தார். படத்தை மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை முதலியாரின் நெற்றியருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அசல்" என்றார்.

மறுநாளிலிருந்து முதலியார் ஈயின்மேல் படாமல் ஒதுக்கி விபூதி பூசிக்கொண்டார். கோயிலிலும் குனிந்து கும்பிடவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்ந்தே நின்றார்.