பேட்டரிக் கோளாறு

"பேட்டரி செத்துப்போச்சும்மா. இத வித்துருவோம்" என்றார் அழகுமுத்து.

அவருடைய மகள் பிரேமினி கொட்டகலை டவுனில் சைக்கிள் பழுது பார்ப்பவள். அந்தப் பழைய மின்சார சைக்கிளின் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"சார்ஜ் முழுசா இருக்கேப்பா. வயரும் நல்லாத்தான் இருக்கு. எங்க வச்சு நிக்குது?"

"துரை பங்களா கேட் கிட்ட. தினமும் அங்கதான். அதத் தாண்டுற வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறேன். அப்புறம் ஓடுது."

"அங்க ஏத்தம்கூட இல்லையே. எடுங்க, நானும் வர்றேன்."

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை ஒட்டிய ஏற்றத்தில் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு சைக்கிள் திணறாமல் ஏறியது. தோட்டத்து மேலாளரான துரையின் பங்களா கேட் தெரிந்ததும் சட்டென்று நின்றது.

"பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. நீங்கதான் சாவியத் திருப்பி அணைச்சீங்க."

அழகுமுத்து தலை குனிந்தார். "துரை வெராந்தாவுல ஒக்காந்திருக்காரும்மா. அவரு முன்னால சைக்கிள்ல ஒக்காந்துக்கிட்டா போறது? எங்கப்பாவும் எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போவாரு. ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பிரேமினி முன்னால் ஏறி சாவியைத் திருப்பினாள். "பின்னால ஒக்காருங்க."

"துரை பாப்பாரும்மா!"

"பாக்கட்டும்."

பங்களா வேலி முடியும்வரை மணியை விடாமல் அடித்துக்கொண்டே ஓட்டினாள். துரை எழுந்து நின்று பார்த்தார்.

வளைவு வந்ததும் அழகுமுத்து மகளின் தோளைத் தட்டினார். "நிறுத்து. நீ பின்னால வா."

"ஏம்ப்பா?"

"திருப்பிக்கிட்டுப் போவோம். இந்தத் தடவ மணிய நான் அடிக்கிறேன்."