தாவாத வீரன்

அந்தப் பழைய சண்டை விளையாட்டு புதுக் கணினியில் தலைதெறிக்க ஓடியது. வீட்டுக்கு வந்திருந்த மெக்கானிக் அதன் வேகத்துக்குக் கடிவாளம் போட்டார்.

"இப்ப ஆடிப் பாருங்க சார்."

வீட்டுக்காரர் ஆடினார். திரையில் வீரன் மெல்ல நடந்து வந்து பள்ளத்தில் தொபுக்கென்று விழுந்தான். மறுபடியும் அதே கதைதான்.

"ஓடி வந்து தாவணும் சார். இடது கையால ஷிப்டை அழுத்தினா ஓடுவான், வலது கையால ஸ்பேஸை அழுத்தினா தாவுவான்." மெக்கானிக் தானே அழுத்திக் காட்டினார். வீரன் பள்ளத்தை அநாயாசமாகத் தாண்டினான். "பட்டன்ல கோளாறு இல்ல. கஷ்டமா இருந்தா ரெண்டையும் ஒரே பட்டனுக்கு மாத்திடறேன்."

"வேண்டாம் தம்பி. அதைத் தொடாதீங்க!"

மெக்கானிக்குக் கடுப்பாகிவிட்டது. வாசல்வரை வந்து வீட்டம்மாவிடம் முணுமுணுத்தார். "ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு வீம்பா மேடம்?"

"பக்கவாதத்துல அவருக்கு இடது கை விழுந்துடுச்சு தம்பி. இனிமே அசையாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். 'அதைச் சொல்ல அவர் யாரு?'ன்னு இவர் தினமும் அந்த ஷிப்ட் மேல இடது கை விரலை வலது கையால எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துடறார்."

மெக்கானிக்குக் கிளம்ப மனம் வரவில்லை. திரும்பிப் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

வீரன் நடந்தான். பள்ளம் நெருங்கியபோது திடீரென்று நாலு எட்டு ஓடினான். அப்படியே தலைகுப்புற உள்ளே விழுந்தான்.

"அடடா, விழுந்துட்டானே சார்!"

"விழுந்தா விழட்டும்யா!" வீட்டுக்காரர் கத்தினார். "ஓடினானா இல்லையா, அதைச் சொல்லு!"