ஒழுங்கையில் நாலு முட்டை

"நாலாம்! ஆருக்குக் காது குத்துறார் விதானையார்?"

இணுவில் சந்திப் புளியமரத்தில் தொங்கிய கரும்பலகையைப் பார்த்து மார்க்கண்டு சத்தம் போட்டார். ஊரில் அம்மாள் வருத்தம் என்கிற அம்மை கண்டவர்கள் எத்தனை பேர் என்று ஊர் அதிகாரியான விதானையார் சீவரத்தினம் வெள்ளிக்கு வெள்ளி அதில் எழுதிவிடுவார். மூன்று கிழமையாக அதே நாலு.

"பொய்க்கணக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், மார்க்கண்டண்ணை?" என்று கேட்டான் கனகலிங்கம்.

மார்க்கண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். எப்படித் தெரியாமல் இருக்கும்? ஐந்தாவது ஆள் அவருடைய வீட்டு உள்ளறையில்தான் கிடந்தாள். ஒரே மகள், பத்மாவதி.

வெளியே தெரிந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டிலில் விட்டுவிடுவார்கள். அங்கே போன இரண்டு பேர் திரும்பி வரவேயில்லை. அதனால் வாசல் படலையில் வேப்பிலை செருகவில்லை. கொல்லைப்பக்கமாக ஒடித்து, மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

இருக்கிற பயம் போதாதென்று, அடுத்த வளவுக்காரரே விதானையாராக வாய்த்திருந்தார். காலையும் மாலையும் கதிரையைக் கொல்லையில் போட்டுக்கொண்டு மனிதர் அண்ணாந்து பார்த்தபடி இருப்பார். மடியில் ஒரு கொப்பி.

"மெல்லக் கதையும், மார்க்கண்டு. மாம்பழக்குருவி வந்திருக்கு. என்ன மஞ்சள், பாரும்! உதின்ரை குரலைக் கேட்டால் எனக்குக் காலமைச் சாப்பாடே வேண்டாம்."

ஊர் பற்றி எரியும்போது உத்தியோகத்தன் ஒருவன் குருவி பார்ப்பானா? குருவி சாட்டு. பார்ப்பது என் வீட்டைத்தான் என்று மார்க்கண்டு முடிவு கட்டிவிட்டார்.

அன்றைக்கு விதானையார் வேலியருகே வந்தார்.

"உம்மடை வேப்பமரத்திலை கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. அந்தக் கொப்பைக் காணேல்லை."

"ஆட்டுக்கு ஒடிச்சனான்."

"உம்மடை ஆட்டைப் போன மாசமெல்லோ வித்தனீர்?"

 விதானையார் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிய, மார்க்கண்டுவின் படலைக்குப் போகும் ஒழுங்கையில் முள்ளுக்கொப்புகள் குறுக்கே கிடந்தன. விதானையார் பக்கத்தில் நின்றார்.

"உள்ளுக்கு ஆட்காட்டிக் குருவி நிலத்திலை முட்டை இட்டிருக்கு. நாலு முட்டை. குஞ்சு பொரிச்சுப் போகுமட்டும் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. உள்ளுக்கு இருக்கிற பங்குக் கிணத்துக்கு வாற ஆக்கள் என்ரை கிணத்திலை அள்ளுங்கோ. மார்க்கண்டு, உமக்கு வேண்டிய சாமானை நான் வேலியாலை தாறன்."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மார்க்கண்டு சிரிக்கவில்லை. எலியைப் பொறியில் அடைத்தாயிற்று, இனி ஆளைக் கூட்டிவர வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தார்.

முந்திக்கொண்டு விதானையாரைக் கிளப்பிவிட வேண்டும். இடது கையால் மேலிடத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினார். 'விதானையார் நோயாளரை மறைக்கிறார். கணக்கு முழுப்பொய். பகல் முழுக்கக் குருவி பார்க்கிறார். இப்படிக்கு, ஊர்ப் பொதுசனம்.' வளவின் பின்பக்கத்தால் இறங்கிப்போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் மனைவியிடம் சொன்னார்.

குணலட்சுமி தலையில் கைவைத்தாள். "இஞ்சாருங்கோ, விசாரிக்க வாறவை பக்கத்து வீட்டையும் பாப்பினமெல்லோ!"

அதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் விதானையார் வீட்டில் வந்து இறங்கினார். மார்க்கண்டு வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்தார். 

"நீர் நோயாளரை மறைக்கிறீராம். உந்தக் கொப்பியைத் தாரும் பாப்பம்."

இன்ஸ்பெக்டர் புரட்டினார். "மாம்பழக்குருவி, காலை ஆறரை மணி. செண்பகம், வாழைக்குள். ஆட்காட்டி, நாலு முட்டை…" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உந்த அடுத்த வீட்டிலை எப்பிடி?"

மார்க்கண்டு ஓட்டையோடு காதை வைத்தார்.

"காலமையும் பின்னேரமும் என்ரை கண்ணுக்கு முன்னாலை இருக்கிற வீடு, ஐயா. ஒரு கரைச்சலும் இல்லை."

"பிழையெண்டால் உம்மடை உத்தியோகம் போகும். எழுதித் தாரும்."

விதானையார் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

'அப்பாடா, இந்த மனுசனுக்கு ஒரு மண்ணும் தெரியாது' என்று மார்க்கண்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

மூன்று கிழமையில் பத்மாவதிக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். முகத்தில் நாலைந்து தழும்பு, அவ்வளவுதான். அன்று மாலையே வேலிக்கு அப்பாலிருந்து விதானையாரின் குரல் கேட்டது.

"மார்க்கண்டு, இனி முள்ளை எடுத்துப்போடலாம்."

மார்க்கண்டு கொப்புகளை இழுத்து ஒதுக்கினார். ஆசைக்கு அந்த முட்டை இருந்த இடத்தையும் பார்ப்போமென்று ஒழுங்கை முழுக்கத் தேடினார்.

முட்டை இல்லை. உடைந்த ஓடு இல்லை. ஒரு குருவி இருந்து எழும்பிய தடம்கூட இல்லை. புல் மட்டும் முழங்காலுக்கு வளர்ந்து கிடந்தது. இத்தனை நாளும் ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை. பங்குக் கிணற்றில் ஒருவரும் அள்ளவில்லை. ஊரில் புதிதாக ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. இடது கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளி சந்தியில் கனகலிங்கம் பலகையைக் காட்டினான்.

"இண்டைக்கும் நாலாம், அண்ணை! நீங்கள் சொன்னது சரி. உந்த விதானையார் சொல்லுறது எல்லாம் பொய். ஒழுங்கையிலை ஆட்காட்டி முட்டை இட்டதெண்டதும் பொய்தானே?"

"ஆர் சொன்னது?" மார்க்கண்டு சீறினார். "நாலு முட்டை. என்ரை இரண்டு கண்ணாலையும் எண்ணிப் பாத்தனான்!"