சுவரேறும் வீரனின் கடைசிக் காட்சி

ஒரு சினிமா கொட்டகையின் வெளிச்சுவரில் இரண்டு பல்லிகள் குடும்பம் நடத்தின. சுவரேறும் வீரன் ஒருவனின் படம் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து பெண் பல்லிக்கு இரை இறங்கவில்லை.

"ஏங்க, நம்மள மாதிரி ஒருத்தன் கதாநாயகனா வர்றான். சேர்ந்து பார்த்துடணும்."

"நாமளும் தினம் சுவர் ஏறுறோம், யாரு கை தட்டினா? அதுவும் இந்த டைரக்டர்! போன படத்துல இடைவேளைக்கு எழுந்து போன ஜனம் திரும்பி வந்துச்சா?" என்றது ஆண் பல்லி.

"இந்தத் தடவை நல்லா எடுத்திருப்பாருங்க."

படம் வந்தது. நாலு பேர் சொல்லட்டும் என்று தள்ளிப்போட்ட ஆண் பல்லி, கடைசி நாள் கடைசிக் காட்சிக்குத்தான் பெண் பல்லியோடு உள்ளே வந்தது. வந்தும், "கயிறு தெரியுது பாரு", "இப்படியா பிடிச்சு ஏறுவான்?" என்று உச்சுக் கொட்டிக்கொண்டே இருந்தது. முடிவில் வீரன் ஒரு குழந்தையை அணைத்துக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்தபோது மட்டும் அது கழுத்தை நீட்டிப் பார்த்தது.

விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் கலைந்தார்கள்.

"கடைசியில குதிச்சானே, அது நல்லாத்தான் இருந்தது, இல்லையா?" என்று மெல்லக் கேட்டது ஆண் பல்லி.

"நான் பார்க்கலைங்க. உங்களுக்குப் பிடிக்குதான்னு உங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருந்துட்டேன்."

ஆண் பல்லி திரையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே வெறும் வெள்ளைத் துணிதான் இருந்தது.