ரம்பப் பல்

காலை பதினொன்று பத்துக்கு மெக்கானிக் ஜக்கரியா காரை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரம் ஒன்றைக் கழற்றிக் கீழே வைத்தார்.

மூன்று மாதமாகக் கார் ஓடும்போதெல்லாம் சேவியருக்கு ஓர் இரைச்சல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வரும் மனைவி பிலோமினாவோ, "ஒரு சத்தமும் இல்லீங்க, முதல்ல காதைக் காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி, திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரமும் வாங்கிவிட்டாள். சேவியரின் அப்பாவுக்கும் இப்படி இரைச்சலில் தொடங்கித்தான் காது போனது.

ஜக்கரியா சேவியரின் கையைப் பிடித்து டயர்மேல் வைத்தார். முன்னோக்கித் தடவினால் வழுவழுப்பாக இருந்தது. பின்னோக்கித் தடவினால் ரம்பம் போல உள்ளங்கையைப் பிடித்தது.

"முன்டயரும் பின்டயரும் மாத்திப் போடவே இல்ல போல. தேஞ்சு பல்லு பல்லா ஆயிடுச்சு. அதான் இரையுது. நீங்க தெருமுனையில திரும்பும்போதே எனக்குக் கேட்டுச்சு சார்."

சேவியர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த ரப்பரைப் பூனைக்குட்டியைப் போலத் திரும்பத் திரும்பத் தடவினார். நாலு டயரையும் புதிதாகவே போட்டுவிடலாம் என்று தோன்றியது. சொல்லிக்காட்ட ஆசையாகத் திரும்பினார். பிலோமினா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜக்கரியாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிலோ, உனக்கு நெசமாவே கேக்கலையா?"